பேசியவர்கள் பட்டியல்

எங்கள் வாத்தியார் வகுப்பைவிட்டு வெளியே போகும்போது சாக்பீஸை லீடர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நொடியில் ஆட்சி மாறிவிடும். லீடர் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி, அடிக்கோடிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பி நிற்பான். பெயர் ஏறிய பிறகும் வாய் மூடாதவனுக்குப் பக்கத்தில் ‘மிக’. அதற்கும் மசியாதவனுக்கு ‘மிக மிக’. கடைசிப் படி ‘அடங்கவில்லை’. குற்றத்தை இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரித்த சட்டப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. மேல்முறையீடும் உண்டு, கட்டணம் இரண்டு தேன்மிட்டாய். ‘அடங்கவில்லை’ என்றால் கமர்கட்.

முந்தின நாள்வரை எங்களோடு மண்ணில் கோலி ஆடியவன்தான் அவன். சாக்பீஸ் கைக்கு வந்த மறுநாள், சட்டையைக் காக்கி டிராயருக்குள் செருகிக்கொண்டு வந்தான். குரல்கூடக் கொஞ்சம் கனத்திருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த இடத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதுகு தானாக நிமிரும்.

இந்த லீடர் ஏற்பாடு நம் ஊர்ச் சரக்கு என்பதில் எனக்கு ஒரு வெட்கங்கெட்ட பெருமை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாவிக்கு அடுத்த அதிகாரம் சட்டாம்பிள்ளைக்கு. 1789இல் எழும்பூரில் பட்டாளத்து அநாதைப் பையன்களின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துவரவில்லை. பெரிய பையன்களை வைத்தே சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லவும் அவர்களைக் கட்டி மேய்க்கவும் ஏற்பாடு செய்தார். செலவும் குறைவு. ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர். துணிக்கு அடுத்தபடி நாம் கப்பலேற்றிய சரக்கு சட்டாம்பிள்ளை.

பிரம்படி எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. “கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று அப்பாக்களே எழுதிக்கொடுக்காத குறையாக ஒப்படைத்துவிட்டுப் போன காலம். உச்சபட்ச தண்டனை வேறு: “போய்ப் பொம்பளப் பிள்ளைங்க பெஞ்சில உக்காருடா.” அப்படிப் போனவன் பெஞ்சின் நுனியில், பாதி உடம்பு வெளியே தொங்க, அழுகையை அடக்கிக்கொண்டு இருப்பான். அவன் அவமானத்தைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். நாம் ஒருத்தனுக்குத் தண்டனையாக இருக்கிறோமே என்று அந்தப் பெண்பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்தப் பாடம் மட்டும் எங்களில் ஒருவருக்கும் மறக்கவில்லை. இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் இருவர் இருக்கையில் ஒரு பெண் தனியாக இருந்தால், பக்கத்து இடம் காலியாகவே போகும். நரைத்த மீசைக்காரர் ஒருவர் கம்பியில் தொங்கிக்கொண்டே வருவார். “இடம் இருக்குதே, உக்காருங்களேன்” என்பார் கண்டக்டர். “பரவால்ல தம்பி, இந்தா இறங்கிடுவேன்.” அவர் டிக்கெட் வாங்கியிருப்பது கடைசி நிறுத்தத்துக்கு.

இப்போது காலம் மாறிவிட்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அடிப்பதைத் தடை செய்தது. நல்ல காரியம், பிரம்பைப் பற்றி உருகிப் பேசுகிற என் வயதுக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 2025 ஜூலையில், ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்ற மலையாளப் படம் கிளப்பிவிட்ட பேச்சில், கடைசி பெஞ்சையே ஒழிக்க ‘ப’ வடிவில் உட்காரவைக்கலாம் என்று நம் பள்ளிக்கல்வித் துறை யோசனை சொன்னது. கழுத்து வலிக்குமா, வலிக்காதா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. ‘கடைசி பெஞ்சு உருப்படாது’ என்று பத்து வருடம் காதில் ஓதி, அங்கே இருந்தவர்களை அதன்படியே நடக்கவைத்தார்களே, அந்த வலிக்குத் தைலம் எதுவும் அந்த விவாதத்தில் வரவில்லை.

என் மகள் படிப்பது தனியார் பள்ளி. கரும்பலகையில் பெயர் எழுதுவதில்லை, மனசு புண்படுமாம். அதற்குப் பதில் என் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது: ‘தங்கள் குழந்தை இன்று வகுப்பில் கவனச் சிதறலுடன் காணப்பட்டார்.’ காலை பதினொன்றரைக்கு, மேனேஜர் எதிரில் நான் உட்கார்ந்திருக்கும்போது. எங்கள் கரும்பலகைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டரும் சில நம்பகமான நண்பர்களும் இருந்தார்கள். சேதி வீடு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும்.

“உங்க கிளாஸ்ல லீடர் இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“கேமரா இருக்கேப்பா. லீடர் எதுக்கு?”

உதட்டை அசைக்காமல் பேசுவதற்கு அவளுக்குத் தெரிகிறது. சட்டாம்பிள்ளைக்குத் தேன்மிட்டாய் கொடுக்கலாம். சுவரில் இருப்பதற்கு வாயே இல்லையே.

போன வருடம் எங்கள் செட் பழைய மாணவர் சந்திப்பு. எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்: ஒரு தாசில்தார், இரண்டு டாக்டர்கள், லாரி வைத்துத் தொழில் பண்ணுகிறவர், பேத்தி எடுத்தவர்கள். மண்டபத்தில் நாற்காலிகள் பொதுவாகத்தான் போட்டிருந்தன. ஆனாலும் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கடைசி வரிசைதான் முதலில் நிரம்பியது. பழைய வாத்தியார் தடியூன்றி உள்ளே வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து, அதே இழுவையில், “வணக்...கம் ஐயா” என்றது. அவர் உட்காரச் சொல்லும்வரை தாசில்தாரும் உட்காரவில்லை.

அந்தச் சூட்டோடு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அட்மின் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே விதிகள் வந்தன: அரசியல் கூடாது, சாமி கூடாது, குட்மார்னிங் படம் கூடவே கூடாது. மீறியவர்களின் பெயர்ப் பட்டியல் வாரம் ஒருமுறை வரும். மூன்று முறைக்கு மேல் வந்தால் நீக்கம். தேன்மிட்டாய் இப்போது செல்லாது, அட்மினுக்குச் சர்க்கரை.

எல்லாம் வாத்தியாரைக் குழுவில் சேர்க்கும்வரைதான். தினமும் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து ஒரு ரோஜாப்பூ வரும். அதன் மேல் சூரியன், அதன் மேல் ஒரு பொன்மொழி. தொடர்ந்து முருகன், தொடர்ந்து ஒரு கட்சித் தலைவரின் பேச்சு. மூன்று விதிகளும் ஆறரைக்குள் காலி. அட்மின் மூச்சு விடவில்லை. ஒவ்வொருவராகப் படத்துக்குக் கீழே ‘வணக்கம் ஐயா’ போட ஆரம்பித்தோம். போடாதவர்களை அட்மின் தனியாக அழைத்து, “உடம்புக்கு ஏதும் சரியில்லையா?” என்று விசாரிக்கிறான். அதிலும் தினம் முதல் வணக்கம், அந்தக் காலத்தில் ‘அடங்கவில்லை’ வாங்காத நாளே இல்லாத ஒருத்தனுடையது. அவன் இருப்பது துபாயில். அங்கே அப்போது மணி நாலரை.