ஹார்ட் டிஸ்க் கௌளி சாஸ்திரம்

பல்லி எந்தக் கிழமையில் எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் ‘கௌளி சாஸ்திரம்’ என்று அட்டவணை உண்டு. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று கேட்டால் என்ன பலன் என்பதற்கு எந்த அட்டவணையும் கிடையாது. தமிழ் அறிவுலகின் இந்தப் பெருங்குறையைத் தீர்க்க எழுந்ததே இந்த ஆய்வு.

முதலில் உடற்கூறு. ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகின்றன. எழுதியதைப் படிக்கும் முனை, அதாவது ‘ஹெட்’, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் பருமனே சுமார் 80,000 நானோமீட்டர். எனவே ஒரு தூசி கூட ஹெட்டுக்கு மலைதான். ஹெட் பழுதானாலோ தட்டில் உரசினாலோ, தட்டிலுள்ள வழிக்குறிகளை அதனால் படிக்க முடியாது. வழி தெரியாமல் ஓரத்துக்குத் திரும்பும், மறுபடி புறப்படும், மறுபடி தோற்கும். அந்தப் போக்குவரத்தின் ஓசைதான் கௌளி. பழகிய மெக்கானிக் டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, “ஹெட் போச்சு சார்” என்று பலன் சொல்லிவிடுவார்.

சகுனம் பலிக்குமா? கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஓசையை அல்ல, வேறு அறிகுறிகளை. தட்டின் பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை (ஸ்கேன் பிழை) தென்பட்ட டிஸ்க், 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகமாம். கிழமை மட்டும்தான் குறிக்கவில்லை. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் போய்ச் சேர்ந்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எந்தப் பஞ்சாங்கமும் தன் பொய்த்த பலன்களை இப்படி எண்ணி அச்சடிப்பதில்லை.

பல்லி சொல்வதை நாம் கேட்கிறோம். நாம் சொல்வதை டிஸ்க் கேட்கிறது! 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். டிஸ்க்குகள் பதில் தரும் நேரம் வரைபடத்தில் எகிறியது. வீடியோவே இருக்கிறது.

இன்னும் விசேஷம் மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் 2022இல் சொன்னது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டைப் போட்டால் சில லேப்டாப்புகள் மயங்கி விழுந்தன. ஒன்றில் பாட்டுப் போட்டால், சிவனே என்று பக்கத்தில் கிடந்த இன்னொன்றும் விழுந்தது. அந்த லேப்டாப்புகளிலிருந்த 5400 சுற்று டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணும் பாட்டின் ஓர் அதிர்வெண்ணும் ஒன்றிப்போனதுதான் காரணம். தயாரித்தவர்கள் அந்த ஓசையை மட்டும் வடிகட்ட ஏற்பாடு செய்தார்கள். அமிர்தவர்ஷினி ராகம் பாடினால் மழை வரும் என்பதை நம்பாதவரும் இதை நம்பியாக வேண்டும்.

2016 செப்டம்பரில் புக்கரெஸ்ட் நகரில் நடந்தது வேடிக்கையல்ல. ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை. நெருப்பு இல்லை, திறந்துவிட்ட வாயுவும் கருவிகளுக்குத் தீங்கில்லாதது. ஆனால் அது பீறிட்ட சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. சத்தத்தால் மட்டுமே பல டிஸ்க்குகள் செத்தன. சுமார் 10 மணி நேரம் ஏடிஎம்மும் கார்டும் படுத்துவிட்டன.

பரிகாரம் இல்லாமல் சாஸ்திரம் ஏது? பல்லி தோஷத்துக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடுகிறார்கள். டிஸ்க் தோஷத்துக்குப் பாலித்தீன் பையில் சுற்றி ஃபிரீஸரில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும்; கல்யாண போட்டோக்களில் மிஞ்சியவையும் அதோடு போகும். முதல் ‘டக்’ கேட்டதுமே சுவிட்சை அணைத்துவிடுவதே இந்த ஆய்வின் பரிந்துரை. இரண்டாவது ‘டக்’கைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் ஆசை கூடாது.

இப்போது வரும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, ஹெட் இல்லை, ஓசையும் இல்லை. எனவே அதற்குரிய பலன் கட்டங்கள் இந்த அட்டவணையில் காலியாக விடப்பட்டுள்ளன.