கிண்டியில் ஒரு குவாண்டம் சாதனை

ஒரே துகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்க முடியும் என்கிறது குவாண்டம் இயற்பியல். மனிதரில் இதை நிரூபித்த பெருமை கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கே. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியலில் 224 கல்லூரிகள், ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பெயர் இருந்த 353 பேராசிரியர்கள். ஒருவர் பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில், எல்லாமே முழுநேரம்! நமக்கு மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகவே அரைநாள் ஆகிறது.

மருத்துவத் துறை உடனே ஆராயட்டும்: பத்து கேன்டீனிலும் சாப்பிட்டால் சர்க்கரை எந்த ஊரில் ஏறும்? தமிழ்த் துறைக்கும் வேலையுண்டு. கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலரே ஒரு நேரத்தில் ஓர் உடலில்தான் இருந்தார்.

ஒரே சிக்கல், உற்றுப் பார்த்தால் குவாண்டம் நிலை கலைந்துவிடும். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் தென்பட்டவர், மாணவர்கள் பார்க்கும்போது மறைந்திருக்கலாம்.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. அதன் உறுப்பினர்களாவது ஒரு நேரத்தில் ஓரிடத்தில் இருந்திருப்பார்கள் என்று நம்புவோம்.