விளையாட்டு விழா: ஒரு பாராட்டு மடல்

அனுப்புநர்: எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன் ஒருவனின் தந்தை

பெறுநர்: பள்ளி நிர்வாகக் குழு

பொருள்: மாணவர்களுக்கு அடிபடாமல் காக்கும் தங்கள் சீரிய திட்டத்தைப் பாராட்டுதல் – தொடர்பாக

பார்வை: என் மகனின் முழங்கால் எக்ஸ்ரே

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஜூன் முதல் டிசம்பர் வரை தங்கள் மைதானத்தில் ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஒரு பிள்ளையும் மைதானத்துக்கு வரவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். பி.டி. பீரியட் முழுவதையும் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்தீர்கள். அல்ஜீப்ரா போட்டு யாருக்கும் கணுக்கால் பிசகியதாகத் தகவல் இல்லை.

ஜனவரியில் ஸ்போர்ட்ஸ் டே வந்தது. ஏழு மாதம் பெஞ்சுக்கடியில் கிடந்த கால்களை, நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல், ரிலே, சாயங்காலம் கபடி என்று ஒரே நாளில் விரட்டினீர்கள். ஹவுஸ் புள்ளி முக்கியமல்லவா! பயிற்சியை வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு.

வார்ம்-அப் இல்லை என்கிறார்கள் சிலர். அபாண்டம்! சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வெயிலில் அணிவகுத்து நின்றார்களே. இருவர் மயங்கியே விழுந்தார்கள்.

ஃபிஃபாவின் ‘11+’ என்று ஒரு வார்ம்-அப் பயிற்சி இருக்கிறது. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது என எல்லாம் சேர்ந்து 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கும், கடுமையானவை ஏறக்குறைய பாதியும் குறைந்தனவாம். ஆனால் இதற்கு டெண்டர் விட வழியில்லை. பில் போடவும் முடியாது. தாங்கள் கண்டுகொள்ளாதது நியாயமே.

நீளம் தாண்டும் குழியில் மணல் இறுகிக் கிடந்தது. கொத்திவிட மண்வெட்டி இருந்தது, ஆள்தான் இல்லை. என் மகன் அதில் இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலுதவிப் பெட்டி ஆபீஸ் அறையில் பத்திரமாக இருந்தது, சாவி கிளார்க்கிடம், கிளார்க் லீவு. பி.டி. மாஸ்டர் ஸ்ப்ரே அடித்து, “ஒண்ணுமில்லடா, நடந்தா சரியாயிடும். ரிலே இருக்கு” என்றார். ஓடினான். கோப்பையும் வந்தது.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு, மூட்டைப் பிணைக்கும் தசைநாரைவிட நலிந்தது என்றார் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர். சுளுக்கு என்று பெரியவர்கள் தேய்த்துவிட்டுப் போகும் அடி, பிள்ளைக்கு அந்தத் தட்டில் விழுந்த அடியாக இருக்கலாமாம். வலியோடு ஓடவிடக் கூடாதாம். டாக்டருக்குக் கோப்பையின் அருமை எங்கே தெரியப்போகிறது?

என் கோரிக்கை எளியது. அடுத்த ஆண்டு ஸ்போர்ட்ஸ் டே அன்றும் கணக்குப் பரீட்சையே வைத்துவிடுங்கள். மனம் வராவிட்டால் பி.டி. பீரியடை மாஸ்டரிடமே கொடுங்கள், மணலைக் கொத்துங்கள், பெட்டியின் பூட்டைக் கழற்றுங்கள். கோப்பையைத் துடைக்கும் செலவைவிட இது குறைவுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டணம் பாக்கியில்லாத பெற்றோர்

நகல்: தெருமுனை புத்தூர் கட்டு வைத்தியர் – தகவலுக்காகவும், மொத்தமாக வரும் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை குறித்த பரிசீலனைக்காகவும்.