திரி கிள்ளும் அண்ணாச்சி

சிவகாசிப் பக்கம் வெடி வாங்குகிறவர்கள் பெட்டியை நம்பமாட்டார்கள். மேலே படம் எவ்வளவு பளபளத்தாலும், ஒன்றை எடுத்துத் திரியைக் கிள்ளி, சாம்பிள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். எங்கள் ஆமத்தூர் அண்ணாச்சி இணையத்தையும் அப்படித்தான் வாங்குகிறார்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். புதுத் தேடுபொறி ஒன்று வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், இருப்புக் கொள்ளாது. தேடுவதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! தனக்குத் தெரிந்தது அதற்கும் தெரியுமா என்பதுதான் கவலை. எங்களவர் முப்பது வருடம் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதியவர். ஆகவே சோதனை முடிவுகளைப் பேரேட்டில் ஏற்றுவார்: தேதி, பெயர், வரவு, பற்று, இருப்பு. இருப்பு பெரும்பாலும் பூஜ்யம்.

கேள்விகள் மூன்று. ஆமத்தூர் எங்கே இருக்கிறது? இதிலேயே பாதிப் பேர் பெயில். ஒன்று அவரை விழுப்புரம் பக்கத்துத் திருவாமாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய், அபிராமேசுவரர் கோயில் வாசலில் நிறுத்தியது. “பாடல் பெற்ற தலம், கும்பிட்டுக்கிட்டேன். ஆனா நான் சிவகாசி ரோட்டுல இருக்கேன் தம்பி, இவன் 300 கிலோமீட்டருக்கு அங்கிட்டு இறக்கி விட்டுட்டானே” என்றார்.

இரண்டாவது, தீப்பெட்டித் தொழில் சிவகாசிக்கு எப்படி வந்தது? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, மறு வருடம் ஊர் திரும்பிய கதை வர வேண்டும். பெயரை விட்டுவிட்டு ‘இரண்டு பேர்’ என்றால் அரை மார்க். எந்த ரயிலில் போனார்கள் என்று ஒரு துணைக் கேள்வியும் உண்டு. அதற்கு விடை அண்ணாச்சிக்கே தெரியாது.

மூன்றாவது 2018இல் சேர்ந்தது, அது பொறி: ‘பத்தாயிரம் வாலா எங்கே கிடைக்கும்?’ விலையும் கடையும் சொன்னால் தோற்றது. அந்த வருடம் அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டுவிட்டதே, தெரியாதா என்று அதட்டினால் வென்றது. அண்ணாச்சிக்கு அதட்டுகிற இயந்திரங்களைத்தான் பிடிக்கும்.

பேரேட்டின் பின்பக்கம் இறந்தோர் பட்டியல். 2006இல் பெங்களூரில் கிளம்பிய குருஜி. 2008 ஜூலையில், 12,000 கோடி பக்கங்களை அலசி வைத்திருக்கிறோம் என்று ஆகாயத்துக்கு எழும்பி, 2010இலேயே அணைந்துபோன கூல். 2013இல் மூடிய ஆல்டாவிஸ்டா. ஐ.ஐ.டி. மெட்ராசில் படித்து, கூகுளில் விளம்பரப் பிரிவைக் கட்டி மேய்த்துவிட்டு, விளம்பரமே இல்லாமல் தேடித் தருகிறேன் என்று வந்த ஸ்ரீதர் ராமசாமியின் நீவா. 2023இல் அதுவும் கடையைக் கட்டியது. கூலுக்கு நேரே மட்டும் குறிப்பு எழுதியிருக்கிறார்: ‘அட்டை பெருசு, மருந்து கம்மி.’

2025 ஜூலையில், ஆடி பிறந்த கையோடு, பேரன் ஓடி வந்தான். சென்னைப் பையன் அரவிந்த் ஸ்ரீநிவாஸ் தொடங்கிய பெர்ப்ளெக்சிட்டி. வருடத்துக்கு 17,000 ரூபாய் பெறுமான சந்தாவை ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளருக்கும் இலவசமாகக் கொடுக்கிறதாம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆடித் தள்ளுபடி கேள்விப்பட்டிருக்கேன். ஆடித் தானம் கேள்விப்பட்டதில்லையே!” அவருடைய சிம் வேறு கம்பெனி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலமே விருதுநகர் போய் இன்னொரு சிம் வாங்கினார். போகவர பஸ்ஸும், எண்ணெய் பரோட்டாவும் செலவுக் கணக்கில் ஏறின.

இப்போது வருகிறவை பட்டியல் தருவதில்லை, பேசுகின்றன. அதுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஒன்று (பெயர் சொல்லமாட்டேன், பேரேட்டில் சிவப்பு மை) ஊரைத் தப்பாகச் சொல்ல, அண்ணாச்சி திருத்தினார். உடனே, ‘மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி’ என்று குழைந்தது. அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது.

“முப்பது வருசம் ஆலையில இருந்திருக்கேன். ஒருத்தனும் இம்புட்டுச் சீக்கிரம் தப்ப ஒத்துக்கிட்டதில்ல. எங்கேயோ இடிக்குதே.”

‘ஆமத்தூர் துறைமுகத்திலிருந்து கப்பல் எத்தனை மணிக்கு?’ என்று தட்டச் சொன்னார். காலை 6.30க்கு ஒன்று, மாலை ஒன்று என்று பதில் வந்தது. முன்பதிவு நல்லது என்றும் சொன்னது. அண்ணாச்சி ஒரு கணம் தன்னை மறந்து ஜன்னல் வழியே ஊர்க் கண்மாயைப் பார்த்தார். நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

பேரேட்டை மூடப்போகும்போது பேரன் செல்போனிலிருந்து தலை நிமிர்த்தினான்.

“தாத்தா, இன்னொண்ணு புதுசா வந்திருக்காம்.”

அண்ணாச்சி சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தார்.

“திரியக் கிள்ளுடா, பாப்போம்.”