கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: கொரோனாக் காலத்தில் மருத்துவப் படிப்புக்கான நேர்முகத் தேர்வை வீடியோவில் நடத்தினார்களாமே! எங்கள் ஊரிலுமா?
– ஒரு வாசகர், அல்பெர்கேரியா, பலெர்மோ

பதில்: அது அமெரிக்கா, பிரிட்டன் கதை. மேலே கோட்டு, கீழே லுங்கி என்றாலும் கேமரா கண்டுகொள்ளாது! உங்கள் இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேர்முகமே இல்லை. 2020 செப்டம்பர் 3 அன்று, முகக்கவசத்தோடு நேரில் எழுத்துத் தேர்வு: 100 நிமிடத்தில் 60 கேள்விகள். பத்து நாள் கழித்து இங்கே இந்தியாவில் நீட்: 3 மணி நேரத்தில் 180 கேள்விகள். மொத்தம் 240 கேள்விகள். 'நோயாளி பேசினால் காது கொடுப்பாயா?' என்று ஒன்றுகூட இல்லை. அதைச் சோதிக்க உங்கள் பல்லாரோ சந்தை போதுமே! அந்தக் கூச்சலிலும் எதிராளி சொல்வது யார் காதில் விழுகிறதோ, அவருக்கே சீட்!