ஹாஃப் ஒயிட் – ஐவரி பேத விசாரணை

பட்டி பார்த்துப் பிரைமரும் அடித்தாகிவிட்ட பிறகு, ஹாலுக்கு ஹாஃப் ஒயிட் அடிப்பதா, ஐவரி அடிப்பதா என்று ஒரு குடும்பத்தில் எழுகின்ற விவாதமானது கிருகப்பிரவேச முகூர்த்தத்தையே தள்ளிப்போட வல்லதாயிருந்தும், அதனைச் சாஸ்திர ரீதியாக ஆராய ஒருவரும் முன்வராமையால், அக்குறையை ஒருவாறு நீக்கும் பொருட்டு இச்சிறு வியாசம் எழுதப்படுகிறது.

பூர்வபட்சம் பெயிண்டருடையது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பது அவர் கட்சி. இது லேசில் தள்ளத்தக்கதன்று. இரண்டுக்கும் ஆதாரம் வெள்ளை பேஸ்தான். அதில் மெஷின் சொட்டுகிற மஞ்சள் சற்று ஏறினால் ஐவரி, இறங்கினால் ஹாஃப் ஒயிட்.

இனி, 17ஆம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர் தமது தர்க்க சங்கிரகத்தில் சுக்லம், நீலம், பீதம், ரக்தம், ஹரிதம், கபிசம், பல நிறம் விரவிய சித்திரம் என ரூபத்தை ஏழாக வகுத்து நிறுத்திக்கொண்டார். ஷேட் கார்டைக் காணாத நிம்மதி அதில் தெரிகிறது. ஹாஃப் ஒயிட்டைச் சுக்லத்தில் அடக்கலாம். ஐவரியையும் அதிலேயே அடக்கினால், "வெள்ளையா கேட்டேன்?" என்பார் வீட்டுக்காரம்மாள்; பீதத்தில் அடக்கினால், "மஞ்சளா கேட்டேன்?" என்பாரும் அவரே.

பிரத்தியட்சத்தால் தீர்க்கலாமே எனின், இங்கே பிரத்தியட்சமே கட்சி மாறுகிறது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் ஹாஃப் ஒயிட் ஐவரியாகிறது. 6500 கெல்வின் டியூப் லைட்டின் கீழ் ஐவரி வெளுத்து ஹாஃப் ஒயிட்டாகிறது. மேற்குப் பார்த்த ஜன்னலுள்ள அறையில் சாயங்காலம் இரண்டுமே சந்தனம். எமல்ஷனோ ஈரத்தில் வெளிறியிருந்து, காய்ந்தபின் சற்று அழுத்தம் பெறும் சுபாவமுடையது, ஆதலால், ஈரச் சுவரைப் பார்த்து "ஐயையோ, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே!" என்று அலறியவர் மறுநாள் காலை அதே சுவரெதிரே வாய் திறவாமல் காபி குடிப்பதும் உண்டு.

பாரிஸில் கோப்லான் சாயச்சாலையின் தலைவராயிருந்த ஷெவ்ரூல் என்னும் ரசாயன பண்டிதர், அருகருகே வைத்த இரு நிறங்களின் வேற்றுமை உள்ளதினும் மிகுந்து தோன்றும் என்பதை 1839-இல் ஒரு பெருநூலால் ஸ்தாபித்தார். ஓரகத்திகளைப் போல, தனித்தனி வீட்டில் இருக்கும்வரை இவ்விரண்டுக்கும் பேதம் புலப்படாது. ஷேட் கார்டில் ஒட்டி உட்கார வைத்ததனாலேயே கலகம் பிறந்தது. நான்கு சுவருக்கும் ஒன்றையே அடிக்கும் வீட்டில் இந்தச் சாமீப்யம் நேர இடமில்லை. எனவே விவகாரம் சப்தப் பிரமாணத்துக்கே வந்து சேர்கிறது. ஊரிலிருந்து வந்த பெரியம்மா, "ஐவரிதான் லட்சணம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரானால் தீர்ப்பு ஆயிற்று. அதற்குமுன் அவசரப்பட்டு வாங்கிய ஹாஃப் ஒயிட் டப்பா பரணுக்குப் போகும்.

இரண்டாம் வருஷம் ஏசிக்கு வயர் இழுக்க எலெக்ட்ரீஷியன் சுவரைக் கொத்துவார். கொத்துவாயைப் பூசிய பெயிண்டர், பரணில் கிடந்த அந்த டப்பாவையே இறக்கிக் கலக்கி, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று தீற்றிவிட்டுப் போவார். அது காய்ந்ததும், சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு முழ நீளத்துக்குப் பேதம் ஐயந்திரிபற விளங்கும். சுவரையும் அன்னம்பட்டரின் ஏழாம் வகையில் தயங்காமல் சேர்த்துவிடலாம்.