கேள்வி–பதில்: பருந்துப் பெயர்க் காளை

கே: அர்ஜென்டினா கால்பந்து வீரர் லாட்டாரோ மார்டினஸின் முதல் பெயர் ஸ்பானியம் மாதிரித் தெரியவில்லையே? (வியாசர்பாடி வாசகர்)

ப: கூர்மையான காது! சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மாப்புச்சே பூர்வகுடிகளின் பெயர் அது. அசல் வடிவம் லெஃப்த்ராரு: வேகமாகப் பாயும் பருந்து என்று சொல்லலாம். ஸ்பானியர் வாயில் அகப்பட்டு லாட்டாரோ ஆகிவிட்டது. பருந்துப் பெயர்க்காரருக்குக் கிடைத்த பட்டம் 'எல் தோரோ', அதாவது காளை!

கே: பறவைமேல் அவ்வளவு பாசமா?

ப: பறவைமேல் இல்லை, ஒரு வீரன்மேல். சிலியைப் பிடிக்க வந்த ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ வால்திவியா, சிறைப்பட்ட லாட்டாரோ என்ற மாப்புச்சே சிறுவனைக் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வைத்திருந்தார். பையன் குதிரையை மட்டுமா பார்த்தான்? படை எப்படி நகர்கிறது, எங்கே திணறுகிறது, எல்லாவற்றையும் பார்த்தான். ஒருநாள் தப்பியோடித் தன் மக்களுக்குத் தலைவனானான். 1553 டிசம்பர், துக்காபெல் போர்: வால்திவியாவின் கதை முடிந்தது. சம்பளம் வாங்காமல் எதிரிக்குப் பாடம் நடத்திய வாத்தியார்! லாட்டாரோவும் 1557இல் போரில் மாண்டான்.

கே: தோற்றவன் பெயர் எப்படிப் பிழைத்தது?

ப: மாப்புச்சேக்களை ஸ்பானியப் பேரரசால் கடைசிவரை முழுதாக அடக்க முடியவில்லை, ஆகவே 'தோற்றவன்' என்பதை வாபஸ் வாங்குங்கள். வேடிக்கை என்னவென்றால், பெயரைப் பரப்பியதே எதிரிதான். மாப்புச்சேக்களை எதிர்த்துப் போரிட்ட ஸ்பானியச் சிப்பாய் அலோன்சோ தெ எர்சில்யா, லாட்டாரோவையும் பாடி எழுதிய 'லா அரவுக்கானா' காவியத்தின் முதல் பகுதி 1569இல் வெளிவந்தது. 1812இல் விடுதலைப் போர்த் தளபதி சான் மார்ட்டின் முதலானோர் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய ரகசியச் சங்கத்துக்கும் லாட்டாரோ பெயர்தான். ஸ்பானிய வம்சாவளிக்காரர்கள் ஸ்பெயினை விரட்ட, தம் பாட்டனை விரட்டியவன் பெயரைக் கடன் வாங்கினார்கள்.

கே: இப்போதும் குழந்தைகளுக்கு வைக்கிறார்களா?

ப: தாராளமாக. அர்ஜென்டினாவின் 1969 பெயர்ச் சட்டம் கறாராக இருந்தது. பூர்வகுடிப் பெயர்களைப் பதியலாம் என்று 1984இல் திருத்தினார்கள். 2022இல் உலகக்கோப்பை வென்ற அணியில் நவெல் மோலினாவும் உண்டு. நவெல் என்றால் மாப்புச்சே மொழியில் ஜாகுவார்.

கே: அப்படியானால் மாப்புச்சேக்களுக்கு அங்கே நல்ல மதிப்புதான்!

ப: பெயருக்கு. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் நிலத்தைப் பறித்த படையெடுப்பின் தளபதி ரோக்காவுக்கு நூறு பெசோ நோட்டில் இடம் கொடுத்த நாடு அது.

கே: என் பேரனுக்கு லாட்டாரோ என்று வைக்கலாமா?

ப: பேஷாக. ரேஷன் கார்டில் அது 'லாட்டரி' என்று வந்தால் என்னிடம் வராதீர்கள்.